நாலு நாள் கூவி ரொப்பிய பஸ்

சித்திரையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆனிக் கடைசியில் வேலை போயிற்று. திருச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ஓட்டலில் சப்ளையராக இருந்தேன். சாம்பார் எப்படி என்று ஒரு பெரியவர் கேட்டார். "நேத்தைவிட இன்னிக்கு நல்லாருக்குங்க, ஊறியிருக்குல்ல" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர் எழுந்து போனார். அவர் பின்னாலேயே என்னையும் அனுப்பிவிட்டார்கள்.

இது நடந்தது ஐம்பதுகளின் கடைசியில். அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்தெல்லாம் பின்னால் பஸ் போர்டுகளைப் பார்த்துக் கற்றது. அதனால்தான் என் கையெழுத்து இன்றைக்கும் ரோட்டில் பஸ் போகிற மாதிரி ஆடிக்கொண்டே போகிறது.

வேலை போன அடுத்த வாரம் ஆடி பிறந்தது. ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமே, லால்குடியிலிருந்து மாமனார் ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஓட்டு வீட்டுக்கு வந்தார். எனக்கு வேட்டி, சட்டை, ஒரு சீப்புப் பழம். கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"வேலை என்னாச்சுங்க மாப்ளே?"

"தேடிக்கிட்டு இருக்கேன் மாமா."

"தேடுங்க, நல்லாத் தேடுங்க. ஆடி முடிஞ்சா நானே கொண்டாந்து விடறதுதான் முறை. இந்தத் தடவை அது வேணாம். வேலை கிடைச்சதும் நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க. கிடைக்கிறவரைக்கும் பொண்ணு எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

ஒரு 'ங்க' குறையாமல் ஒரு மனுஷனைச் செருப்பால் அடிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் பெண்டாட்டி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். ஏதோ உருக்கமாகச் சொல்லப் போகிறாள் என்று கிட்டே போனேன்.

"என்னங்க, தலையை வாரிக்கிட்டுப் போய் வேலை கேளுங்க. சும்மாவே ஒங்களைப் பாத்தா எல்லாருக்கும் சிரிப்பு வருது."

தலையை வாரிக்கொண்டு போனேன். முதலில் ஒரு பெரிய மனிதர் வீடு. சிபாரிசு செய்வார் என்று சொன்னார்கள். ஆறு நாள் வாசலில் நின்றேன். "பாக்கலாம்" என்றார். ஆறு நாளும் வெளியே போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்க்கத்தான் செய்தார். பிறகு பொன்மலை ரயில் பட்டறைக்கு நடந்தேன். ஷிப்டு விட்டு சைக்கிள்கள் வெள்ளம் மாதிரி வந்துகொண்டிருந்தன. கேட்டில் இருந்தவர் நல்ல மனுஷன்.

"என்ன படிச்சிருக்க தம்பி?"

"இன்னும் ஆரம்பிக்கலீங்க."

அவர் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி விழுந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு சோடாக் கடை நிழலில் உட்கார்ந்திருந்தேன். தலையில் மூட்டையோடு ஒரு கிழவி ஒவ்வொரு பஸ்ஸாகப் போய், "லால்குடி போவுமாய்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டு முடிப்பதற்குள், பாதி சீட்டு காலியாக, லால்குடி பஸ் அவளைத் தாண்டியே போய்விட்டது. போர்டைப் படிக்கத் தெரிந்தவனுக்கு இது ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும் அவள் பாடு. இந்த ஸ்டாண்டுக்கு வேண்டியது இன்னொரு போர்டு இல்லை, ஒரு தொண்டை. ஓட்டலில் பதினாலு பலகாரத்தை ஒரே மூச்சில் சொன்ன தொண்டை என்னிடம் இருந்தது. இனிமேல் யாரிடமும் வேலை கேட்பதில்லை, வேலையைச் செய்துவிட்டுத்தான் கேட்பது என்று முடிவு செய்தேன்.

சோடாக் கடைக்காரரிடம் விசாரித்தேன். "லால்குடி பஸ் மொதலாளி யாருங்க?"

"ரெண்டு பேரு இருக்காங்க. எதுத்த ஆபீஸ்ல உக்காந்திருக்காரே, இவரு கொஞ்சம் தங்கமான மனுஷன். நீல பஸ்ஸு. கண்ணாடிக்கு மேல சமயபுரத்தா படம் இருக்கும், வேப்பிலை கட்டியிருக்கும்."

அது போதும் எனக்கு. நீல பஸ், அம்மன் படம், வேப்பிலை. மூன்றையும் சரிபார்த்து, பக்கத்தில் நின்று ஆரம்பித்தேன்.

"லால்குடி, லால்குடி, லால்குடி! கொள்ளிடம் தாண்டி லால்குடி! வா ஆத்தா, மூட்டைய நான் ஏத்தறேன்! பெரியப்பா, ஓடாதீங்க, பஸ்ஸு ஒங்களுக்காகத்தான் நிக்குது!"

பஸ் ரொம்பிவிட்டது. நாலு நாள் கூவினேன். நாலு நாளும் அந்த நீல பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஐந்தாம் நாள், தலையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு, எதிர் ஆபீசுக்குள் நுழைந்தேன்.

"மொதலாளி, நாலு நாளா ஒங்க பஸ்ஸை ரொப்புறது யாருன்னு தெரியுமா? நான்தான்!"

முதலாளி மெதுவாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு நாளா என் பஸ்ஸுல ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான்யா கண்டக்டரு. ரொம்புறது பத்து நிமிஷம் முந்திப் போற அவன் பஸ்ஸு. நீதானா அது?"

வாசலுக்கு வந்து பார்த்தேன். இன்னொரு நீல பஸ் வந்து நின்றது. அதிலும் அம்மன் படம், அதிலும் வேப்பிலை. ஆடி மாதத்தில் சமயபுரத்தாள் படமும் வேப்பிலையும் இல்லாத பஸ் அந்த ரோட்டில் ஏது? மாட்டு வண்டிக்குக்கூடக் கட்டியிருந்தார்கள். இது தெரியாமல் அடையாளம் கண்டுபிடித்த மேதை நான்.

"வெளிய போடா!" என்றார் முதலாளி.

காலில் விழலாமா, ஓடலாமா என்று யோசித்தேன். ஆனால் லால்குடியில் ஒருத்தி காத்திருக்கிறாள். எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"போறேன் மொதலாளி. ஆனா ஒண்ணு யோசிங்க. தெரியாம கூவினதுக்கே ஒங்க பஸ்ஸு காலி. நாளைக்குத் தெரிஞ்சே அங்க நின்னு கூவினா?"

கணக்குப்பிள்ளை மேசைக்கடியில் குனிந்து சிரித்தார். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாய் இருக்குடா ஒனக்கு. நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு. பொழுது சாயறதுக்குள்ள நம்ம பஸ்ஸு ரொம்பி வழியணும். வழிஞ்சா வேலை. இல்லேன்னா இந்தப் பக்கம் தலைகாட்டாத."

பெருக்கன்று விடியற்காலையில் ஸ்டாண்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது. திருச்சியிலிருந்து யார் லால்குடிக்குப் போவார்கள்? ஊரே காவிரிக்கு அல்லவா வரும்! கத்திக் கத்திப் பார்த்தேன். ஏறினது மூன்று பேர், ஒரு ஆடு. நானும் ஏறிக்கொண்டேன்.

டிரைவர் கேலி செய்தார். "ஊரைக் கூட்டுற தொண்டைன்னு சொன்னாங்க. ஆடுதான் கூடியிருக்கு."

"அண்ணே, கூட்டம் இங்க இல்ல, அங்க இருக்கு. லால்குடியில நீங்க ஸ்டாண்டுல நிக்காம தெருமுனைக்கு வந்து நில்லுங்க. மத்தது என் பாடு."

லால்குடியில் இறங்கி, தெருத் தெருவாக நடந்தேன். அந்த இன்னொரு நீல பஸ் ஸ்டாண்டில் கௌரவமாக நின்றுகொண்டிருந்தது.

"அம்மா மண்டபம்! அம்மா மண்டபம்! காவிரிக்குப் போறவங்கல்லாம் வாங்க! சித்ரான்னம் சூடு ஆறுமுன்ன படித்துறை! ஸ்டாண்டு வரைக்கும் நடக்க வேணாம், தெருமுனையில ஏறுங்க!"

கதவுகள் திறந்தன. தூக்குச் சட்டியும் முளைப்பாரியுமாகப் பெண்கள் வந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து, "யாருய்யா அது, காலங்காத்தால?" என்று சண்டைக்கு வந்தவர் என் மாமனார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மாப்ளே, நீங்களா? என்னங்க இது?"

"வேலைங்க மாமா. சீக்கிரம் ஏறுங்க, எடம் போயிடும்."

அவர் பின்னால் என் பெண்டாட்டி, மஞ்சள் பூசிய முகம், கையில் புளிசாதத் தூக்கு. என் தலையைப் பார்த்தாள். வியர்வையில் வாரின தலை கலைந்து காக்காக் கூடாக இருந்தது. "இப்பத்தான் ஆளு மாதிரி இருக்கீங்க" என்றாள்.

பஸ் உட்கார்ந்துவிடும்போல ஆயிற்று. அன்று ஆறு நடை. ஆறும் படியில் தொங்கிக்கொண்டுதான் வந்தது. படித்துறையில் அவள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. அடுத்த நடைக்குக் கூவிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஸ்டாண்டில், இறங்கின ஜனத்தை எண்ணி முடியாமல் பாதியில் விட்டுவிட்ட முதலாளி, ஒரு காக்கிச் சட்டையை என் மேல் எறிந்தார். "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு. எந்த பஸ்ஸுன்னு யாரையாவது கேட்டுக்கிட்டு ஏறு."

ஆவணி முதல் தேதி மாமனார் வீட்டுக்கு முறைப்படி பெண்ணழைக்கப் போனேன். தாம்பாளம் இல்லை, மாலை இல்லை. மேலே காக்கிச் சட்டை, தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு முழு பஸ்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க மாப்ளே" என்று மாமனார் கையைப் பிடித்தார்.

"நேரமில்லீங்க மாமா, நாப்பத்தஞ்சு பேரு காத்திருக்காங்க" என்றேன். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை எனக்கு. அவரே ட்ரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றினார். என் பெண்டாட்டி முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் படியில் நின்று, லால்குடி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ரைட், போலாம்!" என்றேன்.