அத்தைக்குப் போட்ட பேய் மியூசிக்

கிழக்கேகோட்டைப் பக்கத்துத் தியேட்டரில் ஒரு பேய்ப் படம். நான் அப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். பக்கத்து சீட்டில், பாங்கில் வேலை பார்க்கும் என் அண்ணன். பேய் வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவனோ கண்ணை அகலத் திறந்துவைத்து, காதில் விரலை விட்டுக்கொண்டான்.

"கண்ணை மூடினாலும் அந்த வயலின் விடாதுடி. காதை மூடிப் பாரு. வெள்ளைப் பொடவை கட்டிண்டு ஒருத்தி நடக்கறா, அவ்வளவுதான்."

மூடிப் பார்த்தேன். நிஜம்தான். பாவம், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி இருந்தாள். சிரித்துவிட்டேன்; முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

அதிலிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. டி.வி.யில் பேய்ப் படம் வந்தால், டேப் ரெக்கார்டரை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்து, பேச்சில்லாத இடங்களில் இசையை மட்டும் பிடிப்பேன். கரமனையில் எங்கள் வீட்டில் அமைதி ஏது? நல்ல திகிலான கட்டத்தில் அம்மாவின் குரலும் கேசட்டில் விழுந்துவிட்டது: "பால் பொங்கறது, யாராவது பாருங்கோ!"

அடுத்த வருஷம் அண்ணனுக்குக் கல்யாணம். வீடியோ கேசட் வந்த ஞாயிற்றுக்கிழமை மன்னியின் அப்பா, அம்மாவும் வந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் அத்தை, அப்பாவின் அக்கா. அவள் பேச ஆரம்பித்தால் அப்பாவே பேப்பருக்குள் ஒளிந்துகொள்வார்.

வீடியோக்காரர் எல்லாவற்றுக்கும் சினிமா டூயட் போட்டிருந்தார், வாழைக்காய் நறுக்குவதற்குக்கூட. ஒரு தடவை பார்த்து முடித்து, மறுபடி போடச் சொன்னார்கள். டி.வி. சத்தத்தை அடியோடு குறைத்தேன். சோபாவுக்குப் பின்னால் என் கேசட்டை ஓடவிட்டேன்.

மண்டப வாசலில் வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு கால். பிறகு மடிசார். பிறகு அத்தை மெல்லத் தலையைத் தூக்கி, நேரே காமிராவைப் பார்த்தாள். வயலின்கள் கிறீச்சிட்டன.

அண்ணன் வாயிலிருந்த காப்பி வெளியே வந்தது. மன்னி தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அத்தை திரும்பி என்னைப் பார்த்ததும் எல்லாச் சிரிப்பும் நின்றது.

"ரீவைண்ட் பண்ணு."

இரண்டு கேசட்டையும் திருப்பினேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் இறங்குவதை இன்னொரு தடவை பார்த்தாள்.

"இதான் சரி. அந்தப் பாட்டுல நான் யாரோ மாதிரின்னா இருந்தேன். இப்போ பாரு, மண்டபமே நடுங்கறது. மேலே ஓட்டு."

அதுதான் வினை. அடுத்து வந்தவர் மன்னியின் அப்பா. பரம சாது. தூணோரமாக நின்று துண்டால் நெற்றியைத் துடைத்தார். என் கேசட்டின் தயவில், யாரையோ தீர்த்துக்கட்டிவிட்டு வந்து நிற்பவர் போல இருந்தார். துண்டை உதறினார். "பால் பொங்கறது!" என்றது கேசட். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து சமையலறைக்கு ஓடினாள்.

கிளம்பும்போது மன்னியின் அப்பா என் தலையில் செல்லமாகக் குட்டி, தன் மலையாளம் கலந்த தமிழில் மெச்சினார்.

"கொள்ளாம் மோளே. ஆனா நான் ஆரைக் கொன்னேன்னு சொல்லவே இல்லியே?"

மன்னிதான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் பாங்குக்குப் போனதும், வீடியோ கேசட்டோடு வந்து நின்றாள்.

"உங்கண்ணா தாலி கட்டற எடத்துக்கு அந்த மியூசிக்கைப் போடு. நான் பாக்கணும்."

வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போட்டேன். டூயட்டில் வெட்கமாகத் தெரிந்த அண்ணனின் முகம், இப்போது ஓடிப்போக வழி தேடும் ஆளின் முகமாக இருந்தது. மன்னி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.