பதினோராம் காம்பராவில் ஒரு சங்கு

இன்று பதுளைப் பக்கத்து நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் மரியகொரட்டி அக்காவைச் சந்தித்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்!

நான் போனபோது தேயிலை ஃபாக்டரியின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, கொண்டையிலிருந்து உருவிய ஊசியால் ஒரு சின்னப் பலகையின் கம்பிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “கரண்ட் இல்லாதப்பதான் இந்த ஊசி. உயிரோட இருக்கையில கிட்டவே கொண்டு போகமாட்டேன்” என்றார் நிமிராமலே.

பலகை உள்ளங்கை அகலம்தான். ஆனால் லினக்ஸ் ஓடும் முழுக் கம்ப்யூட்டர். பதுளையில் முஸ்தாக்கின் போன் ரிப்பேர் கடையில் பழசாக வாங்கியது. அதன் ஓரத்தில் இரண்டு வரிசையாக நாற்பது கம்பிகள். அக்காவுக்கு அது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் ரெட்டை லயம், முதுகோடு முதுகாக இருபது இருபது வீடு; ஒவ்வொரு கம்பியும் ஒரு காம்பரா.

“ஆறாம் காம்பரா சும்மா பூமி, எர்த்து. ரெண்டாம் காம்பரா அஞ்சு வோல்ட்டு, அங்க தலை வச்சும் படுக்கக்கூடாது. பதினொண்ணு, என்கூடக் கொழுந்து பறிச்ச நம்ம தனலெட்சுமி அக்கா வீடு. சங்கு அங்கதான் இருக்கு.”

மரியகொரட்டி அக்கா பதினொரு வருடம் கொழுந்து பறித்தவர், இப்போது மூன்று வருடமாக ஃபாக்டரியில் தேயிலை சலிக்கும் அறையில். கம்ப்யூட்டர் பாடம் முழுக்கப் போன் வீடியோவில். முதலில் எரியவைத்தது, கிறிஸ்மஸ் நட்சத்திரத்திலிருந்து கழற்றிய குட்டி பல்பு. “அது கண்ண சிமிட்டுனதும் ‘மாதாவே!’ன்னு கத்திட்டேங்க. வீட்டுக்காரரு பாம்புன்னு நெனச்சு கம்போட வந்துட்டாரு.”

சங்குக்கு வந்த காரணம் வேறு. வேலை முடிந்ததென்று மலைக்கெல்லாம் கேட்க ஊதும் கரண்ட் சங்கை ஆபீசில் ஒருவர் கையால் அழுத்துவார். பேச்சு சுவாரசியத்தில் நாலரை, நாலே முக்கால் ஆகிவிடும். “கேக்குற காதெல்லாம் மலையில நிக்குதுங்க. மழையில கால்மணி நேரம்னா எவ்வளவுன்னு நின்னவளுக்குத்தான் தெரியும்.” அதனால் போன மாதம் பலகையையும், பற்றரியில் ஓடும் குட்டிக் கடிகாரத்தையும், சங்கை முடுக்கும் ரிலே சுவிட்சையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்துச் சுவரில் மாட்டினார். நாலரை என்றால் நாலரை!

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. சங்கு ஊதத் தொடங்கியது. அக்கா ஓடிப்போய் வயரைப் பிடுங்குவதற்குள் மலையே கூடையோடு சிரித்துக்கொண்டு இறங்கிவிட்டது. “இன்னொரு தடவை கண்ட நேரத்துல ஊதுச்சு, டின்னைக் கழட்டிருவேன்” என்றார் ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கர் ஜெயகுமார் ஐயா. கழற்றினால் பழையபடி கைச்சங்கு, பழையபடி நாலே முக்கால்.

அக்கா மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தார். அந்த ரிலே தலைகீழ் ஜாதி: ஒன்று போட்டால் ஓயும், சைபர் போட்டால் ஊதும். கரண்ட் வந்து புரோகிராம் எழும்பிப் பதினோராம் கம்பியைத் திறந்ததும் அது சைபரில் நின்றிருக்கிறது. “கதவைத் தொறக்கும்போதே ஒண்ணுன்னு சொல்லிட்டுத் தொறக்கணும். நான் தொறந்துட்டு வாயப் பொளந்து நின்னுட்டேன்.” புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினார்.

இன்று நாலு மணிக்குப் பரீட்சை. மேல் மலையிலிருந்து தனலெட்சுமி அக்கா கூவினார்: “ஏய் கொரட்டி! சரி பண்ணித் தொலைக்காதடி! செவ்வாக்கிழமை மாதிரி நல்ல சங்கு என் ஆயுசுல கேட்டதில்ல!”

“போக்கா! ஒன் வீட்டுலதான் கோளாறே!”

“அந்தோனியாருக்கு நேந்துகிட்டியா?” என்றார் டீமேக்கர், மெயினில் கை வைத்தபடி.

“வரிய மாத்திட்டேங்க ஐயா.”

மெயின் இறங்கியது. மெஷின்கள் ஓய்ந்தன. மறுபடி ஏறியது. டின்னுக்குள் சிவப்பு விளக்கு. கொஞ்சம் பொறுத்துப் பச்சை விளக்கு சிமிட்டியது. அரை நிமிடம் இருக்கும். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மலையைத்தான் பார்த்தார்.

ஒரு சத்தமும் இல்லை. மலையில் ஒரு கூடையும் அசையவில்லை.

“சரி, இருக்கட்டும்” என்று டீமேக்கர் போய்விட்டார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். முடிந்தால் பதுளையில் பஸ் ஏறிப் போய், நாலரைக்கு அந்தப் படியருகே நில்லுங்கள். சங்கைக் கேட்பதோடு நிற்காமல், அக்காவின் வலது கையைப் பாருங்கள். சங்கு எழும்பியதும் அது தானாக நெற்றிக்குப் போய், அங்கே இப்போது இல்லாத கொழுந்துக் கூடைக் கயிற்றைக் கழற்றும்.