சாம்பார் வாளி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் ஓட்டலில் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாம்பார் வாளியோடு வந்தவர், "போதுமா, இன்னும் ஊத்தட்டுமா?" என்றார். அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது நைனா எங்களை இங்கே ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. நைனாவின் இலையில் சோறு விழுந்ததும் அம்மா எழுந்து, பரிமாறுபவர் கையிலிருந்த வாளியை வாங்கி அவருக்குச் சாம்பார் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடி பண்ற? உக்காரு," என்றார் நைனா.

"நீங்க சாப்பிடுங்கம்மா, நான் ஊத்துறேன்," என்று பரிமாறுபவர் வாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவள் இலையிலும் ஊற்றிவிட்டு, "போதுமாம்மா?" என்று கேட்டார்.

வீட்டில் எல்லோரும் எழுந்த பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் அம்மா. அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா," என்றாள் மெதுவாக.

அதன் பிறகு ஓர் அமாவாசையைக்கூட அம்மா விடவில்லை. அவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.