ஓசி என்று சொல்ல வாய் வரவில்லை

மலேசியாவின் பத்து காஜா ஊரில் கலாதேவியின் பேனர் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. சடங்கோ, கோயில் திருவிழாவோ, கருமாதியோ, படம் போட்டு அழகாகச் செய்து கொடுப்பாள். அவள் கணினியில் இருப்பது இங்க்ஸ்கேப். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்த, படம் வரையும் மென்பொருள். காசும் இல்லை, திருட்டுப் பிரதியும் இல்லை. சின்னக் கடைக்காரர்கள் மார் தட்டிச் சொல்ல வேண்டிய விஷயம். இவளோ யாராவது எட்டிப் பார்த்தால் திரையைத் திருப்பிவிடுவாள்.

காரணம் இருந்தது. தோட்டத்துப் பள்ளியில் படித்தபோது இலவசக் காலணிக்கு அவள் பேரை வாசித்து, மேடையில் நிற்க வைத்து, எல்லாரையும் கைதட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து ஓசி என்றாலே அவளுக்கு உடம்பு கூசும். அது எனக்குப் புரிகிறது. அந்தக் கூச்சத்துக்கு இன்னொருத்தி விலை கொடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கையுறை ஆலையில் வேலை போன துளசி, சிம்பாங் பூலாயிலிருந்து தேடி வந்தாள்.

“அக்கா, வீட்டுல இருந்தே கல்யாண கார்டு டிசைன் பண்ணலாம்னு பாக்குறேன். நீங்க எதுல செய்றீங்க?”

கலாதேவி விலை உயர்ந்த வேறொரு மென்பொருளின் பெயரைச் சொன்னாள். “மலிவு பாத்தா வேலை சுத்தமா வராது லா” என்று புத்திமதி வேறு.

தீபாவளிக்கு முன்பு துளசி மடிக்கணினியும் முறுக்கு டப்பாவுமாக வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

“சங்கிலிய அடகு வச்சு நீங்க சொன்னதையே வாங்கிட்டேன்க்கா. ஒரு இடம்தான் புரியல, காட்டுங்க.”

சொல்லிக்கொண்டே மேசையைச் சுற்றி உள்ளே வந்துவிட்டாள். திரையைத் திருப்ப நேரமில்லை.

“உங்களது வேற மாதிரி இருக்கே?”

இதற்கும் ஒரு பொய் கைவசம் இருந்தது. அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்த பிறகு வாய் எழவில்லை. கலாதேவிக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

“இது ஓசி, துளசி. ஆரம்பத்துல இருந்தே இதுலதான் செய்றேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

துளசி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மடிக்கணினியை மேசைமேல் வைத்து, “எனக்கும் போட்டுக் குடுங்க” என்றாள். கேட்பதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

வாசல் வரை போய்த் திரும்பினாள். “சாயங்காலம் வீட்டுக்காரர அனுப்புறேன், அவர்கிட்ட குடுத்துடுங்க. நான் இனிமே வரல.”

கலாதேவி உட்கார்ந்து இங்க்ஸ்கேப்பை ஏற்றினாள். மேசைமேல் இருந்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.