புங்க இலையும் மினி டிராக்டரும்

கூரம் பக்கம் நான் வீராப்பாக வாங்கிப் போட்ட பெரிய மனையில், ஒரு மினி டிராக்டர் பின்னால் மாட்டிய இரும்புச் சீப்பால் புங்க இலைகளை வாரிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து சொன்னார்: "மரத்த வெட்டிட்டா இந்த ரோதனையே இல்ல சார்."

சக்கரத்தில் நசுங்கிய இலையின் கசப்பு வாடை என்னை நான் வளர்ந்த பிள்ளையார்பாளையத்துக்கு இழுத்துப் போனது. எங்கள் வாசலிலும் ஒரு புங்கமரம் இருந்தது. விடிகாலையில் நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அந்தப் பட்டு இழைகளுக்குக் கஞ்சி தடவுவார்கள். தரையில் கிடக்கும் இலை காற்றில் பறந்து ஈர நூலில் ஒட்டினால், பிய்க்கும்போது இழை அறுந்துவிடும். மரத்தை வெட்டச் சொல்லித் தெருவே திரண்டு வந்தது.

அப்பா மறுத்துவிட்டார். மறுநாளிலிருந்து, பாவு கட்டுவதற்கு முன்பே எழுந்து தெரு முழுவதையும் அவரே பெருக்கினார்.

"இன்னாபா, பொம்பள வேலை செஞ்சிக்கினு கீற?" என்று எதிர்வீட்டு மாமா சிரித்தார்.

"மரம் என்துன்னா இலையும் என்துதான். நீ உன் பாவு நூலப் பாரு."

மத்தியானம் அந்த மாமா எங்கள் மர நிழலில்தான் குறட்டை விடுவார். அப்பா அவரைச் சுற்றிப் பெருக்குவார்.

எனக்கு அப்பாவின் பிடிவாதம் வந்தது, முதுகு வரவில்லை. அதனால்தான் டிராக்டர்.

"வெட்ட மாட்டேன்பா" என்றேன்.

"அடுத்த வருசமும் கொட்டும் சார்."

"கொட்டட்டும். நீயும் வா."