லாரிப் பலத்தில் முறுக்கிய கார்

காலை ஆறரைக்கு எடப்பாடியிலிருந்து நானும் அப்பாவும் கிளம்பினோம். நாமக்கல் எழுபது கிலோமீட்டர் இருக்கும், இரண்டு மணி நேரம் போதும். பின்சீட்டில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

எங்கள் இரண்டு விசைத்தறிகளையும் விற்றுத்தான் அப்பா இந்தப் பழைய காரை வாங்கிக் கொடுத்தார். வாடகைக்கு ஓட்டித்தான் இனிமேல் சோறு. போன வாரம் இன்ஜின் சூடாகிறதென்று நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் விட்டேன். லாரிக்கே வேலை செய்கிறவருக்குக் கார் எம்மாத்திரம் என்பது எங்கள் பக்கத்து எண்ணம். அவரும் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கார் சூடாவதில்லை. கொதிக்கிறது.

சங்ககிரிக் கோட்டை கண்ணில் படும்போதே பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. டீக்கடையோரம் நிறுத்தினேன்.

"ஏனுங்க, காருக்கும் ஒரு டீ போடட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

"சக்கர இல்லாமப் போடுங்ண்ணா, அதுக்கு வயசாயிருச்சு."

அப்பா சிரிக்கவில்லை. சூடு ஆறும்வரை நின்று தண்ணீர் ஊற்றினார். "பட்டறைல வந்து இப்படி வாயடிக்காதடா. அவரு கோவிச்சுக்கிட்டா ஊட்டுக்கு நடந்துதான் போவோணும்."

திருச்செங்கோட்டில் மறுபடி நின்றோம். மலைக்கோயிலைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் ஹாரன் அடித்து முந்திப் போயின. தண்ணீருக்கு இப்படி அலைகிறவர்களை அவர்களே பார்த்திருக்க மாட்டார்கள்.

பத்தரைக்கு நாமக்கல். டேங்கர் லாரிகளுக்கு நடுவில் எங்கள் கார் வழிதவறிய ஆட்டுக்குட்டி போல நின்றது. மெக்கானிக் குமரேசன் அண்ணன் கையைத் துடைத்தபடி வந்தார்.

"என்ன சாமி, வண்டி எப்படி ஓடுது?"

"ஓடலீங்ண்ணா, வழியெல்லாம் குளிச்சுக்கிட்டு வருது."

இன்ஜின் ஆறியதும் குனிந்து பார்த்தார். "டைட்டு பத்தலீங்க" என்றபடி ஸ்பேனரின் பிடியில் ஒரு முழ இரும்புக் குழாயைச் சொருகினார். லாரிக்கு அப்படித்தான் முறுக்குவார்கள்.

"சின்ன வண்டிங்க. மெதுவா..." என்றார் அப்பா.

"பயப்படாதீங்க மாமா. பெரிய டேங்கருக்கெல்லாம் இந்தக் கைதானுங்க."

உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தார். 'டக்'கென்று ஒரு சத்தம். போல்ட் லொடலொடத்துக் கையோடு வந்தது. அதன் திருகு மரையில் அலுமினியச் சுருள்கள் ஒட்டியிருந்தன. மற்ற போல்ட்டுகளையும் தொட்டுப் பார்த்தார். பாதி ஆடின. பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"லாரில இரும்புங்க, தாங்கும். இது அலுமினியம். போன வாரமே உள்மரை உரிஞ்சிருக்குது. என் தப்புதானுங்க."

"வேற இன்ஜின் போடலாங்களா?" என்றேன்.

அண்ணன் பழைய வண்டி உடைக்கிற கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். இந்த மாடலே வருவதில்லையாம். கடைசிப் போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னார்: "இனிப் பழைய இரும்பு எடைக்குத்தானுங்க போகும்."

அவரைத் திட்ட வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். தப்பை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் ஒன்றைக்கூடச் செலவழிக்க முடியவில்லை. போன வாரக் கூலியை அப்பாவின் சட்டைப் பையில் வைத்தார். அப்பா வேண்டாமென்று சொல்லவில்லை.

மத்தியானம் காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுத் திருச்செங்கோடு பஸ் ஏறினோம். சாலை அதேதான். எங்கேயும் நிற்காமல் போவது புதிதாக இருந்தது. டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி அப்பா சொன்னார்.

"நம்மூரு மாரப்பன் அவனோட தறிக்கு ஆளு வேணும்னான். ரெண்டு பேருமே போயிரலாம்."

"அப்பப் பகல் ஷிப்ட்டு உங்களுக்கு, ராத்திரி எனக்குங்ப்பா."

"ராத்திரி கண்ணு முழிக்கறத நானே பாத்துக்கறன். நீ தூங்கிருவ."

கேலிக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை.