அடுத்தடுத்த எண்கள்

ரிவால்வரைக் கையில் வாங்கியதும் அவள் முதலில் முகர்ந்து பார்ப்பாள். பழைய எண்ணெய் நாற்றம் என்றால் முகம் மலரும். புது பாலிஷ் வாசனை வந்தால் போதும், சொந்தக்காரருக்கு அர்ச்சனைதான். "தேய்ச்சுத் தேய்ச்சு இதோட வயசையே அழிச்சிட்டீங்களே" என்பாள். பிறகு மூன்று முறை திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்வாள். காலி என்று யார் சத்தியம் செய்தாலும் அந்த மூன்று குறையாது.

ஏலக்கூடத்தில் பழைய ரிவால்வர்களை இனம் கண்டு விலை மதிப்பது அவள் வேலை. சன்னலோர மேசைக்கு ஒரு கால் குட்டை. முழங்காலால் முட்டுக் கொடுத்தபடியே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டாள். சட்டைப் பொத்தானில் நூல் மாறியிருந்தால்கூடச் சின்ன வயதிலேயே சொல்லிவிடுவாள் என்பதால் அக்கா வைத்த பெயர் பூதக்கண்ணி. அது வேலை இடம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அன்று எதிரே ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். அப்பா விட்டுப்போன ரிவால்வரை விற்றால்தான் கடை தப்பும். மூத்த மதிப்பீட்டாளரோ 'உதிரி கலந்தது' என்று சீட்டு ஒட்டிவிட்டார். உடலில் 4117, தோட்டாக்கள் உட்காரும் உருளையில் 4118. எண் பொருந்தாவிட்டால் பாதி விலைகூடத் தேறாது. மூன்று மணிக்கு ஏலம்.

"நம்பர் ஒத்துப்போகல. இதுல என்ன ஆராய்ச்சி, பூதக்கண்ணி?" என்றார் மூத்தவர்.

அவள் தையல்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, இதுக்கு ஜோடி ஒண்ணு இருந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். இருந்தது. தம்பி பங்குக்குப் போய்விட்டது. பாகம் பிரித்ததிலிருந்து ஐந்து வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அப்பா இரண்டையும் ஒன்றாகக் கழற்றி, ஒரே செய்தித்தாளில் பரப்பித்தான் துடைப்பாராம்.

"மாத்தி மாட்டிட்டாரு. தம்பிக்கு போன் போடுங்க."

"நான் பண்ணா எடுக்க மாட்டான்."

"நம்பரைக் குடுங்க. நான் பேசுறேன்."

இரண்டேகாலுக்குத் தம்பி வந்தார். அண்ணன் பக்கம் திரும்பாமல் பொட்டலத்தை மேசையில் வைத்தார். அவள் முகர்ந்தாள், மூன்று முறை திறந்தாள். உடலில் 4118. உருளையில் 4117. இரண்டையும் கழற்றி, அதனதன் வீட்டில் சேர்த்துச் சுழற்றினாள். ஆட்டமே இல்லை. ஜோடியாகப் போனால் தனித்தனி விலையைப் போல மூன்று மடங்கு வரும் என்றாள்.

தம்பி தன்னுடையதை அண்ணனுடையதற்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். பிறகு, "சேர்த்தே வித்துடலாம்ணே" என்றார். தையல்காரர் மூக்கை உறிஞ்சினார்.

மூத்தவர் எண்களை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஜோடின்னே எழுதிக்கம்மா."

எழுதினாள். பழைய சீட்டைக் கிழியாமல் உரித்தாள். நான்காக மடித்து, குனிந்து, மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். முழங்காலை எடுத்தாள். மேசை ஆடவில்லை.